கோப்பையில் மூன்று

கண்ணாடிப் பலகைமேல்
தோட்டாவை உருட்டுகிறாள் பிப்பாலுக்.
நேராக ஓடினால் பைக்குள்.
தள்ளாடினால் தேநீர்க் கோப்பைக்குள்.

வெளியே கிரீன்லாந்தின் இருட்டு,
மைனஸ் இருபத்தாறு.
பள்ளி திறக்க இன்னும் ஒரு மணி நேரம்;
பிள்ளைகள் வரும் பாதைக்கு
இன்று இவள்தான் காவல்.

கழுத்து விளிம்பில் நகம் வைத்து ஒரு சுற்று.
பிசிறு. கோப்பை.
பச்சைக் களிம்பு, கடுகளவுதான். கோப்பை.

"புதுப் பெட்டிதானே?"
என்கிறான் அக்கலு, காலுறையைத் தேடிக்கொண்டே.

அவள் பேசவில்லை.
போன மார்ச்சில்
தோட்டா சிக்கி
போல்ட் பாதியில் நின்றபோது
பதினோரு தப்படியில் கரடியும் நின்றது.
நடுவே இரண்டு மூச்சின் ஆவி.
பிறகு அதுவாகத்தான் திரும்பிப் போனது,
வீட்டில் எதையோ
மறந்து வைத்துவிட்டதைப்போல.

கோப்பையில் இப்போது மூன்று.
அடுத்ததை உருட்டுகிறாள்.
நேராகத்தான் ஓடுகிறது.

மறுபடி உருட்டுகிறாள்.