மீதித் தூரம்

மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டை.
என் கொட்டகைத் தரையில் இரண்டு பேட்டரிகள்,
நடுவில் எஞ்சினைப் பறிகொடுத்த ஓர் ஆம்னி.
உள்ளே இன்னும் ரொட்டி வாசனை.

இடப்பக்கம் இருப்பது இருநூற்றுப் பத்து கிலோ.
இரும்பு பாஸ்பேட். அமுக்குணி.
நிறைந்திருந்தாலும் வற்றியிருந்தாலும்
மீட்டருக்கு ஏறத்தாழ ஒரே முகத்தைக் காட்டும்.
கோபம் வர நேரமாகும்.

வலப்பக்கம் நூற்று நாற்பத்தெட்டு.
நிக்கல், கோபால்ட்.
சட்டென்று கொடுக்கும், சட்டென்று சுடும்.
மரக்காணத்தருகே கவிழ்ந்த
வெள்ளைக் காரிலிருந்து ஏலத்தில் வந்தது.
பெட்டியில் ஒரு கீறல் இல்லை.
செல்லுக்கு மூன்று புள்ளி ஒன்பது இரண்டு வோல்ட்;
தொண்ணூற்றாறும் ஒரே குரலில் சொல்கின்றன.

குளோத்தில்தா அக்கா கேட்டது ஒன்றுதான்:
"எது ரொம்ப தூரம் போகும்?"
குருசுக்குப்பம் அடுப்பிலிருந்து
முத்தியால்பேட்டை, லாஸ்பேட்டை,
பாலம் தாண்டி அரியாங்குப்பம்;
சந்து சந்தாக நுழைந்து திரும்ப
நாற்பத்தொரு கிலோமீட்டர்.
"ரெண்டும் போகும்க்கா.
போய் வந்து மறுபடியும் போகும்."

சாக்பீஸால் தரையில் கணக்குப் போட்டேன்.
வித்தியாசம் அறுபத்திரண்டு கிலோ.
அவ்வளவு ஏறினால் அவ்வளவு இறங்க வேண்டும்.
முந்நூறு ரொட்டி.
அக்கா உதட்டைப் பிதுக்கினார்.
வாசல்வாசலாகக் குதித்து இறங்கி
ரொட்டி கொடுக்கும் அய்யனாரப்பன்
பழைய இரும்புத் தராசில் ஏறி நின்று
யாரும் கேட்காமலே சொன்னான்:
"அம்பத்தொம்போது."

சிரித்தோம்.
லேசானதை நோக்கி என் கை நீண்டும் விட்டது.
அப்புறம்தான் கேட்கத் தோன்றியது:
"ராத்திரி சார்ஜ் போட்டா வண்டி எங்க நிக்கும்?"
"வீட்ட ஒட்டித்தான்.
செவுத்துக்கு இந்தப் பக்கம் பிள்ளைங்க தலைமாடு."

கணக்கைக் காலால் தேய்த்தேன்.

பின்சீட்டைக் கழற்றினால், ஸ்டெப்னியைக் கழற்றினால்,
தரைவிரிப்பையும் உரித்துப் போட்டால்
நாற்பத்து நாலு கிலோ குறையும்.
பாக்கி பதினெட்டு.
"தொண்ணூறு ரொட்டி ரெண்டாம் நடை போவட்டும்,"
என்றார் அக்கா. "இவன் கீழ எறங்க வேணாம்."

அவர்கள் போன பிறகு
வலப்பக்கத்தை லேப்டாப்பில் மாட்டிப் பார்த்தேன்.
எழுபத்தைந்து சதவீதம்.
அதன் நினைவில் கடைசி வரி:
காலை ஐந்து பத்து,
மீதித் தூரம் நூற்றுப் பதினைந்து.
மரக்காணத்திலிருந்து சென்னைக்கு
அது போதும்.
யார் ஓட்டினார்கள் என்று ஏலக்காரர் சொல்லவில்லை.
நானும் கேட்டிருக்கவில்லை.

இவ்வளவு நிறைவோடு அடுக்கி வைத்தால் கெடும்;
நாற்பதுக்காவது இறக்க வேண்டும்.
நூறு வாட் குண்டு பல்பு நான்கை
இரண்டிரண்டாகக் கோத்து மாட்டினேன்.
இரண்டு இரவும் நடுவில் ஒரு பகலும்
என் கொட்டகையில் மங்கலாக எரிந்தது
மாமல்லபுரம் வரைக்குமான சாலை.
அந்த வெளிச்சத்தில்
ஆம்னியின் பின்சீட் போல்ட்டுகளை
ஒவ்வொன்றாகக் கழற்றினேன்.
ஒன்று மட்டும் துருவேறி
அசையவே இல்லை.