பதினொரு வாக்கு

அங்கே வாக்குச்சாவடி மூடும்போது
இங்கே தரமணியில் விடிகாலை மூன்றரை.
ஏசிக் குளிருக்குத் துப்பட்டாவைத் தலையோடு போர்த்தி
ஒரு தீவின் முடிவுகளைத் தட்டிக்கொண்டிருக்கிறேன்.
சாவடி எண், பெட்டி எண், செல்லாதவை.
திரையின் வரைபடத்தில் அந்த நாடு
கீபோர்டில் ஒட்டிய சோற்றுப் பருக்கை.

ஆறாம் தொகுதியில் ஒருவர் பெயர் மூன்சாமி.
பிழையென்று திருத்தப் போனேன்.
"தொடாதே, அது அப்படித்தான்"
என்றான் டீம் லீடர் ரெஜினால்டு.

முனுசாமி.
எந்தத் துறைமுகத்து குமாஸ்தாவின் பேனாவில்
உன் உகரம் கடலில் விழுந்தது?

இரண்டாயிரத்து நூற்று நாலு.
எதிராளிக்குப் பதினொன்று கூட.
மறு எண்ணிக்கை கேட்டார்.
டீ ஆடை கட்டும்வரை காத்திருந்தேன்.
மறுபடியும் பதினொன்று.

கூவக் கரையிலிருந்து எங்களைப்
பெரும்பாக்கத்துக்கு லாரியேற்றிய வருஷம்
பழைய பட்டியலில் அடித்த பெயரைப்
புதியதில் ஏற்றவில்லை.
எங்கள் பிளாக்கில் மட்டும் முப்பத்தேழு பேர்.
அம்மாவுக்கு மட்டும் எப்படியோ இருந்தது;
மை வைத்த விரலை ஒரு வாரம்
எங்களுக்குக் காட்டாமலே சோறு பிசைந்தாள்.

ஏழு மணிக்கு கேப்.
"யாரு மேடம் ஜெயிச்சது?"
"நம்ம ஆளு தோத்துட்டாருண்ணா."
கியர் மாற்றியபடி கேட்டார்:
"எந்தத் தொகுதி?"