விமானம் வராத ஒன்பது நாள்

கஸ்கோக்விம் ஆற்றின்மேல்
பனி கிடைவாட்டில் பறந்துகொண்டிருந்தது.
நான் ஒலிங்கா. ஊரின் ஒரே கடையில்
பெட்டி பிரித்து அடுக்குகிறவள்.
சிவப்பு டப்பா கண் மட்டத்தில்,
பச்சை அதற்குக் கீழே,
ஆரஞ்சு, குழந்தைகளின் கை எட்டுகிற தட்டில்.

மூன்றாம் நாள் ஆரஞ்சு தீர்ந்தது.
நாலாம் நாள் பச்சை.
கடைசிச் சிவப்பை வாஸிலி வாங்கினார்,
குடிக்கவில்லை,
மேலங்கிக்குள் வைத்துக்கொண்டு போனார்
அடைகாக்கிறவர்போல.
ஐந்தாம் நாள் எனக்கு மண்டை பிளந்தது:
நாளுக்கு ஆறு டப்பா பழகிய மண்டை.

எங்கள் வீடுகளில் குழாய் இல்லை.
ஒரு வாளி நீருக்கு
கடப்பாரையோடு ஆற்றின் நடுவுக்குப் போக வேண்டும்.
டப்பாவுக்கு ஒரு விரல் போதும்.
ஆண்டுக்கொருமுறை பறந்துவரும் பல் டாக்டர்
"தண்ணீர் குடியுங்கள்" என்பார்,
பறந்துபோவார்.

என் மகன் ஈவனுக்கு ஐந்து வயது.
சிரித்தால் முன்வரிசை முழுக்க வெள்ளி மூடி.
ஊரில் ஒருவரும் வியக்கவில்லை.
அதுதான் சுட்டது.

ஆறாம் நாள் கடப்பாரையை எடுத்தேன்.
வெள்ளையை விட்டு, நீலமாய்ப் பார்த்து வெட்டினேன்.
அடுப்பில் கட்டி உருகியது
விரல் சொடக்குகிற சத்தத்தோடு.
அலமாரிக்குப் பின்னால், காகிதப் பையில்,
கோடையில் பறித்து மறந்த அயுக் இலை.
ஈரச்சதுப்பின் வாசனை, பிசின், கொஞ்சம் கசப்பு.

"இதுல ஒண்ணுமே இல்லையே" என்றான் ஈவன்.
ஆமாம், அதற்குத்தான்.
பாதி குடித்தான். மீதியை நாயிடம் காட்டினான்.
நாயும் யோசித்தது.

எட்டாம் நாள் செய்தி வந்தது:
வாஸிலியின் டப்பா வெளித்திண்ணைக் குளிரில் உறைந்து வெடித்துவிட்டதாம்.
சிவந்த பனியை அவர் நக்கியதாகவும் சொன்னார்கள்.
நான் சிரிக்கவில்லை.

பத்தாம் நாள் விமானம்.
நாற்பது பெட்டி. ஊரே வாசலில்.
பிரித்தேன், அடுக்கினேன், சம்பளம் அதற்குத்தானே.
ஆரஞ்சை மட்டும்
ஏணி போட்டு உச்சித் தட்டில் ஏற்றினேன்.
கை எட்டுகிற தட்டு காலியாய் என்னைப் பார்த்தது.
வீட்டிலிருந்து ஆற்றுநீர்க் குடுவையைக் கொண்டுவந்து வைத்தேன்,
நாலு குவளையோடு. விலைச்சீட்டு ஒட்டவில்லை.

மாலைவரை யாரும் தொட்டதாய்த் தெரியவில்லை.
பூட்டும்போது பார்த்தேன்,
நீர் ஒரு விரல் இறங்கியிருந்தது.
அடுப்புச் சூட்டில் வற்றியதாகவும் இருக்கலாம்.

என் பையில் ஒரு சிவப்பு டப்பா இருக்கிறது,
சனிக்கிழமைக்கு.
இன்று செவ்வாய்.