மூச்சுத் துளை

ஹப்புத்தளையிலிருந்து பெரகலைக்கு இறங்கும்
இரண்டாவது வளைவில் என் கராஜ்.
மூன்று பக்கம் தகரம்,
நாலாவது பக்கம் மேகம் வந்து போகும்.

மூன்றாம் முறையாக
ஈரச் சாக்கில் முதுகு போட்டிருக்கிறேன்.
முகத்துக்கு மேலே ஒரு சாண் தள்ளி
எழுபத்தோராம் ஆண்டு எம்.ஜி.யின் கியர்பொக்ஸ்.
கதவைத் திறந்து உட்கார்ந்தபடியே
ரோட்டில் கிடக்கும் சில்லறையைப் பொறுக்கலாம்,
அவ்வளவு தாழ்ந்த வண்டி.
இரண்டே பேர் போகலாம்,
அதிலும் ஒருவர் மெலிந்தவராக.

முதல் தடவை பின் சீலை மாற்றினேன்.
தண்டின் நாலு பொல்ட்,
பிரிக்கும் முன் வெள்ளைப் பெயின்டில் ஒரு கோடு,
சேர்க்கும்போது கோடும் கோடும் பார்த்துக்கொள்ள வேண்டும்.
பெரிய நட்டுக்கு மூன்றடிக் குழாய் மாட்டித் தொங்கினேன்.
பழைய சீல் கருகிய ரொட்டி ஓரமாய் உதிர்ந்தது.
சரி, முடிந்தது என்றேன்.
ஒன்பது நாளில் திரும்பி வந்தது.

இரண்டாம் தடவை பஞ்சிகாவத்தைக்கே போனேன்.
கடைக்காரன் தாய் மேல் சத்தியம் செய்து தந்த சீல்.
ஒயிலும் அளந்து ஊற்றினேன், சொட்டுக் கூடவில்லை.
பன்னிரண்டு நாள்.

நின்றால் கசியாது.
பண்டாரவளைக்குள் ஓடினால் கசியாது.
வெல்லவாயா வெயிலுக்குப் போய்விட்டு
ஏற்றம் ஏறினால் மட்டும்
ஒவ்வொரு கிலோமீட்டர் கல்லுக்கும்
கணக்குக் கொடுத்துக்கொண்டே வரும்.

டொக்டர் இஸ்மத் பல் பிடுங்குகிறவர்.
கோபிக்கத் தெரியாது.
குந்தியிருந்து கீழே பார்த்தார்.
"வலி ஒரு பல்லுல, சொத்தை வேற பல்லுல,
டெய்லி வாறாங்க" என்று
பையிலிருந்து எடுத்து நீட்டினார்,
வாய்க்குள் விடுகிற அந்தச் சின்னக் கண்ணாடி.

சூடானால் காற்று பெருக்கும்.
பெருத்த காற்றுக்கு வாசல் வேண்டும்.
கியர்பொக்ஸின் முதுகில், கண் போகாத இடத்தில்
அதற்கென்று ஒரு துளை.
இரண்டு தடவையும் எனக்கு அது நினைப்பிலேயே இல்லை.
கண்ணாடியைச் சாய்த்து டோர்ச்சைத் திருப்பினேன்.
துளை இல்லை.
துளை இருந்த இடத்தில்
விரலால் வழித்த மாதிரி வழவழத்த செம்மண்.

டொக்டரின் கொக்கியால் நோண்ட
கட்டியாக விழுந்தது, என் நெற்றியில்.
உள்ளே ஏழு சிலந்தி, அடுக்கி.
சாகவில்லை, அசையவும் இல்லை.
குளவி தன் பிள்ளைக்குக் கட்டி வைத்த சோறு.

தேத்தண்ணி கொண்டு வந்தாள் கமலவேணி.
போன ஐப்பசியில் ஆறாம் நம்பர் மலையில்
கொழுந்துக் கூடையோடு ஓடி விழுந்தவள்.
பதினெட்டுக் கொட்டு,
தியத்தலாவை ஆஸ்பத்திரியில் நாலு நாள்,
தோட்டத்தில் அரைப் பேர்.
இடது காதுக்குப் பின்னால் இன்னும் தடிப்பு.
மண்கட்டியை உள்ளங்கையில் வாங்கினாள்.
நான் அவள் முகத்தையே பார்த்தேன்.
"இது அந்தச் சாதியில்ல.
இது தனியா வீடு கட்டுறது.
நம்மள கொட்டுனது கூட்டமா வந்தது."
பெஞ்சில் வைத்தாள், ஸ்பானர்களுக்கு நடுவில்,
உடையாமல்.

பேக்டரியில் கழித்துப் போட்ட சல்லடை வலையில்
நகத்தளவு வெட்டித் துளைக்கு மேல் கட்டினேன்.
பில் எழுதும்போதுதான் கை நின்றது.
சீல் இரண்டு, ஒயில், கூலி
எல்லாம் தேவையில்லாமல் செய்த வேலை.
தேவைப்பட்ட வேலைக்கு அரை நிமிடம் போனது,
அதுவும் அவருடைய கண்ணாடி, அவருடைய கொக்கி.
டொக்டர் முழுசாகத் தந்தார்.
"நல்ல பல்லையும் புடுங்கியிருக்கேன் தம்பி,
காசும் வாங்கியிருக்கேன்."

வெல்லவாயா போய் ஏறி வந்தோம்.
இரவு அடியில் விரித்த பிஸ்கட் பெட்டி மட்டை
விடியும்போது பனியில் ஊறிக் கிடந்தது.
கறுப்பு இல்லை.

ஏழரைக்கு வெயில் தட்டியது.
எங்கிருந்தோ ஒற்றைக் குளவி.
வண்டிக்கு அடியில் போய், வலையை முட்டித் திரும்பி,
வாயில் ஈர மண்ணோடு
சைலன்சர் குழாய் விளிம்பில் உட்கார்ந்து
உள்ளே எட்டிப் பார்த்தது.