எட்டு மூலை

தால்காவானோவில் காற்றுக்கு ஒரே வாசனைதான்:
மீன்தூள் ஆலை மூச்சுவிடும் வாசனை.
கடலுக்கு இரண்டு தெரு தள்ளி எங்கள் வீடு.
வீட்டில் மீன் இல்லை.
அது தூளாகி, மூட்டையாகி, கப்பலேறி
எங்கோ யாரோ வளர்க்கும் கோழிக்குத் தீனியாகிறது.
எங்களுக்கு வியனேசா சாசேஜ். பாக்கெட்டுக்கு ஆறு,
வழுவழுவென்று.
கூலி வராத வாரத்திலும் கடனுக்குக் கிடைக்கும்.

பள்ளிக்குள் இருக்கும் கடை என்னுடையது.
ஒரு ஜன்னல், ஒரு முக்காலி, ஒரு பூட்டு.
முன்பெல்லாம் மணியடித்தால்
ஜன்னலில் முப்பது கை முளைக்கும்.
பிறகு சட்டம் வந்தது.
சர்க்கரை மிகுதி, உப்பு மிகுதி, கொழுப்பு மிகுதி என்று
பாக்கெட்டின் நெற்றியில் கறுப்பு எண்கோணம்.
முத்திரை விழுந்த எதுவும் வாசல் தாண்டி உள்ளே வரக்கூடாது.
சரி என்றேன். பேரிக்காய் வாங்கி அடுக்கினேன்.
பேரிக்காய் நல்ல பிள்ளை.
காலையில் வைத்த இடத்திலேயே
சாயங்காலமும் இருக்கும்.

சாப்பாட்டுக் கூடத்தில் இலவசப் பயறு, உப்புக் குறைத்தது.
கணக்குப்படி எல்லாச் சத்தும் அதில் உண்டு என்கிறாள்
சமையல்காரி எதெல்வினா,
தட்டு தட்டாய் வழித்துக் குப்பையில் கொட்டியபடியே.

வாசலுக்கு வெளியே, சட்டம் முடிகிற நடைபாதையில்,
தள்ளுவண்டி ஒன்றில் எண்ணெய் கொதிக்கும்.
பூசணி பிசைந்த மாவு, உள்ளங்கையளவு வட்டம்,
மேலே மஞ்சளாய்க் கடுகு விழுது.
மழை நாளில் அந்த ஆவிக்கு முன் நிற்காத பிள்ளை
இனிமேல்தான் பிறக்க வேண்டும்.
வண்டிக்காரர் பெயர் ஹெர்னால்டோ.
என் வீட்டுக்காரர்.

இரவில் மேசைமேல் இரண்டு டப்பாவைக் கவிழ்ப்போம்.
என்னுடையதில் சத்தம் கம்மி.
அவர் டப்பாவில்தான் வாடகை இருக்கிறது, கேஸ் இருக்கிறது,
யெர்கோவின் காலணி இருக்கிறது.
நான் ஒன்றும் சொன்னதில்லை.
எண்ணெய் பட்ட நோட்டை
எந்தக் கடைக்காரன் திருப்பித் தந்தான்?

யெர்கோவுக்குப் பதினான்கு வயது.
விடியலில் வெறும் வயிறு, பஸ் பிடிக்க வேண்டும்.
மதியம் பயறில் இரண்டு கரண்டி.
நாலு மணிக்கு அப்பா கையால் மூன்று வட்டம், பெற்ற பிள்ளைக்கு ஏது விலை?
ராத்திரி ரொட்டி, சாசேஜ், நாலு ஸ்பூன் போட்ட தேநீர்,
போன் வெளிச்சம்.

அவன் கழுத்தின் பின்னால் ஒரு கறுப்பு.
அழுக்கு என்றே இருந்தேன்.
ஞாயிறுதோறும் நார் போட்டுத் தேய்த்தேன்.
"வலிக்குதும்மா" என்பான்.
"குளிக்கத் தெரியாத கழுதை" என்பேன்.
வெயில் காலத்திலும் அவன் காலரை ஏற்றி விட்டதை
ஸ்டைல் என்று நினைத்தேன்.

ஏப்ரலில் எடை பார்க்க வந்த செவிலி
காலரை விலக்கிப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டனுப்பினாள்.
என் ஜன்னலிலிருந்து நாலே எட்டு.
"தேய்க்காதீங்க. இது அழுக்கு இல்லை.
ரத்தத்துச் சர்க்கரை போக வழியில்லாமல் நிற்குது.
இன்னும் காலம் தாண்டலை" என்றாள்.

பாக்கெட்டுக்கு எட்டு மூலை, வெள்ளை எழுத்து,
தெருவின் அந்தப் பக்கத்திலிருந்தே படிக்கலாம்.
இதற்கு மூலையில்லை, எழுத்தில்லை.
நான் நார் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

அன்றிரவு ஹெர்னால்டோ மாவு பிசையவில்லை.
மறுநாள் பிசைந்தார்.
வாடகை ஐந்தாம் தேதி.

ஒரு வாரம் கழித்து, பத்து மணி இடைவேளை.
ஜன்னலில் ஒரே ஒரு கை.
கடித்த நகம். முகம் பார்க்கத் தேவையில்லை.
பின்னால் இரண்டு பையன்கள் நின்றதால்
வேற்றாள் மாதிரி கேட்டான்:
"பேரிக்காய் என்ன விலை?"
நானும் வேற்றாள் மாதிரி சொன்னேன்.
நாணயத்தை வைத்துவிட்டுப் போனான்.

எடுத்தேன்.
விரலில் வழுக்கியது.
எண்ணெய்.