எல்லோருக்குமான காடு

வெல்டா கிரிஸ்ப் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள்.
ஏப்ரலில் நான்கு நாள் விடுப்புக்கு எழுதிக் கொடுத்தாள்.
காரணம் என்ற கட்டத்தில்: வான்கோழி.
மிசூரியின் தென்கோடியில் அது போதும்.
மேலாளர் மறுபேச்சின்றிக் கையெழுத்திட்டார்.

பதினோரு வசந்தம் டாய்ல் ரக்கரின் மேய்ச்சல் நிலத்தில் வேட்டை.
இப்போது நகரத்துக்காரர்கள் அதைக் குத்தகைக்கு எடுத்து
வேலிக்கம்பம் தோறும் ஊதா வர்ணம் அடித்துவிட்டார்கள்.
ஊதா என்றால், உள்ளே வராதே.

ஆகவே சமையலறை மேசையில் வரைபடம்.
ஒரு மூலைக்கு உப்புக் குப்பி,
ஒரு மூலைக்குத் தோட்டாப் பெட்டி.
பச்சை எல்லோருக்கும். வெள்ளை யாருக்கோ.
பச்சைக்குள் அங்கங்கே வெள்ளை,
கம்பளியில் பூச்சி அரித்த ஓட்டைபோல.
உயரக் கோடுகள் நெருங்கி வந்தால் செங்குத்து:
அவளுடைய இடது முழங்கால்
அதைக் கண்ணுக்கு முன்பே படித்துவிடுகிறது.

சாலையிலிருந்து ஒரு மைல் நடந்தால் பாதிப் பேர் குறைவார்கள்.
ஓடையைக் கடந்தால் மீதியிலும் பாதி.
ஓடை தொடைவரை, பனிக்கட்டிக் குளிர்.
சரி, ரப்பர் பூட்ஸ்.

திட்டம் ஒன்று: நாலு மணிக்குமுன் வடக்கு மேட்டின் கேட்.
அங்கே வண்டி நின்றால் திட்டம் இரண்டு, பழைய மரக்கிடங்கு.
அங்கேயும் நின்றால் மூன்று.
மூன்று திட்டமல்ல,
சதுப்பு.

சிவப்பு, வெள்ளை, நீலம் உடுத்தக் கூடாது.
மோகத்தில் இருக்கும் சேவலின் தலை அந்த மூன்று நிறம்;
புதருக்குப் பின்னால் எவனாவது
விரல் துடிக்கக் காத்திருப்பான்.
கொடி ஏற்றும் நாளில் ஊரே அணிகிற நிறங்களை
காலுறைவரை தேடித் தேடி ஒதுக்கி வைக்கிறாள்.
கைக்குட்டை வெள்ளை.
அதுவும் வெளியே.

மயிலைப் பார்த்து ஆடியதாக நம் மொழி ஏசிய பறவை.
இங்கே ஐம்பத்தாறு வயதுக்காரி
அதைப் பார்த்து ஆடுகிறாள்:
கடைசிப் பிள்ளையும் இறங்கிய பிறகு,
அண்ணத்தில் ரப்பர்த் துண்டை ஒட்டிக்கொண்டு
காலிப் பேருந்துக்குள் பெட்டையாய்க் கூப்பிடுகிறாள்.
காட்டு வழக்கப்படி பெட்டைதான் சேவலிடம் போகும்.
இவள் கேட்பது தலைகீழ்.
நீ வா. நான் இங்கேயே இருக்கிறேன்.

திங்கள் மாலை நோட்டம் பார்க்கப் போனாள்.
கிளையில் அடைந்த சேவல்
ஆந்தைக் குரலைப் பொறுக்காது, பதிலுக்குக் கத்திவிடும்,
எந்த மரம் என்று தெரிந்துவிடும்.
கையைக் குவித்து ஆந்தையானாள்.
ஒன்றுமில்லை.
பிறகு எதிர்ச் சரிவிலிருந்து ஓர் ஆந்தை.
அவள் மறுபடி. அது மறுபடி, கொஞ்சம் கிட்டத்தில்.
நான்காவது தடவை
அந்த ஆந்தை இருமியது.

வரைபடத்தில் அந்த இடத்தில் ஒரு கேள்விக்குறி போட்டாள்.

புதன் மாலை, பெட்ரோல் நிலையத்தில் காபி வரிசை.
முன்னால் நின்றவனின் சட்டைக்கையில் நாயுருவி முள்,
பூட்ஸில் வடக்கு மேட்டின் செம்மண்.
ஓரின் டீஸ், மரம் அறுக்கும் மில்லில் வேலை,
தலையாட்டும் அளவுக்குப் பழக்கம்.
எந்தப் பக்கம் போவதாக? என்றான்.
தெற்கே, ஏரிப் பக்கம், என்றாள், காலைப் பின்னுக்கு இழுத்து.
நானும் தெற்கேதான், என்று சொல்லி
இருமினான்.
இரண்டாவது அலமாரியில் நல்ல இருமல் மருந்து இருக்கிறது, என்றாள் வெல்டா.
அவன் கொஞ்ச நேரம் அவளைப் பார்த்தான்.
பிறகு இரண்டு காபிக்கும் அவனே காசு கொடுத்தான்.

இரவு, குளிர்பெட்டிக் கதவில் மகளுக்கு ஒரு சீட்டு:
வடக்கு மேடு. கேட்டிலிருந்து மேற்கே, ஓடைக்கு அந்தப் பக்கம்.
இரண்டு மணிக்குள் வராவிட்டால் ஷெரிஃபைக் கூப்பிடு.
அந்த வட்டாரத்திலேயே
இடத்தின் உண்மைப் பெயர் எழுதிய ஒரே தாள்.

அலாரம் மூன்றுக்கு வைத்திருந்தது.
இரண்டரை ஆக்கினாள்.
விளக்கை அணைத்துப் படுத்து
அந்த ஆந்தையை நினைத்துப் பார்த்தாள்.
நல்ல குரல், தன்னுடையதைவிட நல்ல குரல்.
எழுந்து,
இரண்டேகால்.