பானைக்கு வேர்க்கும்போது

வீட்டுக்காரர் மீட்டர் பெட்டியிலிருந்து
பீஸ் கேரியரை உருவிக்கொண்டு போனது
பங்குனி முடிய நாலு நாள் இருக்கையில்.
(வீட்டுக்காரர் என்றால் வாடகை வாங்குகிறவர்.
என் ஆள் தறியில் இருந்தார்.)
கரண்ட் இல்லையென்றால் காலி செய்துவிடுவோம் என்பது
அவர் கணக்கு.

என் கணக்கு
ஒரு தூக்கு பச்சைச் சட்னி, ஒரு தூக்கு சிவப்பு,
துருவிய பீட்ரூட், கேரட்.
காலையில் அரைத்தது
சாயங்காலம் ஐந்து மணிக்குக் கெடாமல்
குகை முச்சந்தியில் வண்டியேற வேண்டும்.
தட்டுவடை செட்டில் தட்டுவடை கெடாது,
டின்னில் பத்து நாள் கிடக்கும்.
நடுவில் வைக்கிறதுதான் கெடும்.

முதல் நாள் சட்னியில் நுரை.
இரண்டாம் நாள் ஒரு காலேஜ் பையன்
பாதி கடித்துவிட்டு என்னைப் பார்த்தான்.
ஒன்றும் சொல்லாமல் காசு கொடுத்துப் போனான்.
திட்டியிருக்கலாம்.

செவ்வாய்ப்பேட்டையில் பானை வாங்கினேன்.
பெரிசு ஒன்று, அதற்குள் இறங்குகிற மாதிரி சின்னது ஒன்று.
கடைக்காரர் பெயின்ட் அடித்ததைத்தான் முதலில் நீட்டினார்.
வேண்டாம், வேர்க்கிற பானை கொடுங்க என்றேன்.
"தண்ணிக்கா?"
"பிரிட்ஜுக்கு."
பத்து ரூபாய் குறைத்துக்கொண்டார்.

மணலுக்குத்தான் அலைச்சல்.
ஆற்று மணலை யார் கண்ணால் பார்க்கிறார்கள் இப்போது?
பின்தெருவில் மாடி எழும்புகிற இடத்தில்
எம்-சாண்ட் நாலு சட்டி கேட்டேன்.
"வீடு கட்டறியா சௌடக்கா?"
மேஸ்திரி பொன்னுரங்கத்துக்குக் கிண்டல்.
"ஆமா. சட்னிக்கு."

செங்கல் மூன்று, மேலே பெரிய பானை,
அடியில் மணல், அதில் சின்னப் பானை,
சுற்றியிருந்த சந்து நிறைய மணல்,
மணல் குடிக்கிற வரைக்கும் தண்ணீர்,
வாயில் நனைத்த கோணிச் சாக்கு.
ஜன்னலடியில், காற்று வந்து மோதுகிற இடம்.
மத்தியானம் கையை விட்டுப் பார்த்தேன்.
ஐஸ் என்று பொய் சொல்ல மாட்டேன்.
விடிகாலையில் சுகவனேஸ்வரர் கோயில் கல்லில்
காலை வைத்தால் இருக்குமே, அந்த அளவு.
சட்னிக்கு அது போதும்.

குழாய்த் தண்ணீர் எங்களுக்கு ஒன்பது நாளுக்கு ஒருமுறை.
பானை கேட்பது காலை ரெண்டு சொம்பு, மாலை ரெண்டு சொம்பு.
புதினா அலசிய தண்ணீரை அதற்கே கொடுத்தேன்,
கொத்தமல்லி அலசியதையும்.
மணலே மணந்தது.
ராத்திரி தறியிலிருந்து வந்தவர்
இருட்டில் மூக்கை உறிஞ்சி,
"வீட்டுக்குள்ள தோட்டம் போட்டியா?" என்றார்.

அடுத்த மாசம் வாடகைக்கு வந்த வீட்டுக்காரர்
சாக்கைத் தூக்கிக் கையை விட்டார்.
எடுக்கக் கொஞ்ச நேரம் ஆனது.
கேரியரைப் பற்றி அவரும் பேசவில்லை,
நானும் கேட்கவில்லை.

கத்திரி பிறந்தது.
வெளியே ஏற ஏற உள்ளே இறங்கியது.
ஊரே வெயிலைத் திட்டுகிறது,
நான் மட்டும் வாயைத் திறக்கவில்லை.
கூட்டாளியைத் திட்டுவார்களா?

பிறகு ஒரு வியாழக்கிழமை
சேர்வராயன் தலை தெரியவில்லை.
மூன்று மணிக்கெல்லாம் கொட்டித் தீர்த்தது.
பிள்ளைகள் ரோட்டில், பெரியவர்கள் வாசலில்,
பொன்னுரங்கம் சிமென்ட் மூட்டைக்குத் தார்ப்பாய் தேடி ஓட்டம்.
நான் பானையைத் தொட்டுப் பார்த்தேன்.
ஈரம் இருந்தது. குளிர் இல்லை.
வேர்வை அப்படியே நின்றது, போக இடமில்லாமல்.
காற்றுக்கே தாகமில்லாத நாளில்
பானை யாருக்குக் கொடுக்கும்?

நாலரைக்குச் சட்னி மூச்சு விட ஆரம்பித்தது.
ஒரு தூக்கு பச்சை, ஒரு தூக்கு சிவப்பு,
சாக்கடையில் ஊற்றினேன்.
மழை அதையும் இழுத்துக்கொண்டு போனது.
"நல்ல மழை இல்ல?" என்றார் என் ஆள்.
"ம்" என்றேன்.

மறுநாள் ஏழு மணிக்கே சுள்ளென்று அடித்தது.
மலைப் பக்கம் திரும்பாமல்
ரெண்டு சொம்பு ஊற்றினேன்.